ஒன்று, ஒருவர் அல்லர்

மூவொரு கடவுள் பெருவிழாவன்று மறையுரை ஆற்றுவது எளிதன்று என்பதைக் குருக்கள் அனைவரும் அறிவர். நம் பாட்டன்மார் 'தமதிரித்துவத் திருநாள்' என்று வழங்கிய அந்த ஞாயிறன்று, புனித அகுஸ்தீனார் கடற்கரையில் உலாவியதையும், சிப்பியால் கடல்நீரை மொண்டு மணற்குழியில் ஊற்றிய சிறுவன் அவருக்குப் புத்தி புகட்டியதையும் சொல்லி, இம்மறைபொருள் மனித அறிவுக்கு எட்டாது என்று முடித்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். மக்களுக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. பூசை சீக்கிரம் முடிகிறதே! ஆனால் அக்கதை அகுஸ்தீனாருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுந்தது. மெய்யான அகுஸ்தீனாரோ இம்மறைபொருளைப் பற்றி 15 பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்து எழுதியவர். எட்டாது என்று கைகட்டி நின்றவர் அல்லர்.

இந்தத் திங்கள் நாமும் கைகட்டி நிற்க இயலாதபடி ஒரு கடிதம் வந்துள்ளது. எழுதியவர் கரிவலம்வந்தநல்லூரைச் சேர்ந்த ஒரு தாயார். அவருடைய மகளுக்கு ஒரு வரன் அமைந்திருக்கிறது. பையன் நல்லவன், குடியில்லை, புகையில்லை, கைநிறைய ஊதியம், சீர்வரிசை பற்றி ஒரு சொல்லும் கேளாத குடும்பம். அவர்கள் ஒரு செபக்கூடத்தில் வழிபடுவோர். "நாங்களும் கிறிஸ்தவர்களே. நீங்கள் தந்தை வேறு, மகன் வேறு என்கிறீர்கள். நாங்களோ இயேசுவே தந்தை, இயேசுவே ஆவி என்கிறோம். இவ்வளவே வேற்றுமை. பெண் மட்டும் இயேசுவின் பெயரால் ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளட்டும்" என்கிறார்களாம். அதே வாரத்தில் அவர் வீட்டு வாசலுக்குக் கையில் சிற்றேடுகளுடன் வேறு இருவர் வந்து, இயேசு கடவுளே அல்லர், கடவுளின் முதற்படைப்பு என்று விளக்கிச் சென்றிருக்கின்றனர். அம்மையாரின் நாத்தனார் குடும்பமோ தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. "சாமி, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதெல்லாம் குருக்களும் போதகர்களும் தங்களுக்குள் போடும் சொற்சண்டையா? ஒரு சொல்லுக்காக நல்ல பையனை விட்டுவிடுவதா?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. பெண்ணைப் பெற்றவரின் கேள்வி அது. ஏட்டுக் கேள்வி அன்று. ஆகவே பத்திரிகைக்குப் பக்கம் நிரப்புவதாக அல்லாமல், அவருக்கே விடை சொல்வதாக எழுதுகிறோம்.

முதலில் நற்செய்தி நூலுக்கே செல்வோம். இன்று யோவான் என்றும், நாம் சிறுவயதில் அருளப்பர் என்றும் படித்த நற்செய்தியின் 10-ஆம் அதிகாரம், 30-ஆம் வசனத்தில், தாமும் தந்தையும் ஒன்று என ஆண்டவர் மொழிகிறார். கேட்டவர்கள் உடனே கல்லெடுத்தனர். மனிதனாகிய நீ உன்னைக் கடவுளாக்குகிறாயே என்பது அவர்கள் சாற்றிய குற்றம். அவர்களுக்குப் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கிறது.

இவ்வசனத்தைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஆண்டவர் 'ஒருவர்' என்று சொல்லவில்லை. 'ஒன்று' என்றே சொன்னார். ஒருவர் என்பது உயர்திணை, ஆளைச் சுட்டும். ஒன்று என்பது அஃறிணை, பொருளைச் சுட்டும். நற்செய்தியின் மூலமாகிய கிரேக்கத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அங்கும் ஒன்று என்ற சொல்லே நிற்கிறது. இனி வினைமுற்றைக் காண்க. 'இருக்கிறேன்' என்று இல்லை. 'இருக்கிறோம்' என்று தன்மைப் பன்மையில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இலக்கணமே இது. பேசுகிறவர் தம்மையும் வேறொருவரையும் சேர்த்துப் பேசுகிறார். ஆனால் இருவரும் எதில் ஒன்று என்றால், தாம் இருக்கிற பொருளில் ஒன்று.

இதனை முதலில் கண்டவர் நாம் அல்லோம். அருளப்பர் நற்செய்திக்கு விளக்கம் உரைத்தபோது புனித அகுஸ்தீனார், ஒன்று என்ற சொல் நம்மை ஆரியுசிடமிருந்து காக்கிறது, இருக்கிறோம் என்ற சொல் நம்மைச் சபெல்லியுசிடமிருந்து காக்கிறது என்ற கருத்தில் பேசினார். அம்மையாரின் வாசலுக்கு வந்தவர்களும், வரன் பேச வந்தவர்களும் அறிந்தோ அறியாமலோ இவ்விருவரின் வழியில் நிற்கிறவர்களே. ஆதலின் அவ்விருவரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

சபெல்லியுஸ் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் போதித்தவர். கடவுள் ஒருவரே; அவரே தந்தையாகவும் மகனாகவும் ஆவியாகவும் மாறி மாறித் தோன்றுகிறார்; மூன்றும் ஒருவரின் மூன்று கோலங்கள் என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை. கூத்துக்காரர் ஒருவரே அரசன் வேடமும் ஆண்டி வேடமும் புனைவது போல என்க. நம் மறைக்கல்வி வகுப்புகளில் சில ஆசிரியர்கள், ஒரே நீர் பனிக்கட்டியாகவும் நீராகவும் ஆவியாகவும் இருப்பது போல் என்று திரித்துவத்தை விளக்குவதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அவ்வுவமை முழுக்கச் சபெல்லியுசின் கொள்கையே. ஒரே மனிதர் வீட்டில் தந்தை, கடையில் முதலாளி, ஊரில் நாட்டாண்மை என்பதும் அப்படியே. இவ்விரண்டையும் கைவிட்டால் நன்று.

ஆரியுஸ் அலெக்சாந்திரியாவில் ஒரு குரு. தவ ஒழுக்கமுடையவர், நல்ல பேச்சாளர், கல்விமான். கி.பி. 318-ஐ ஒட்டி அவர் எழுப்பிய வாதம் இதுதான்: தந்தை பிறப்பிலி, மகனோ பிறந்தவர். பிறந்தவருக்குத் தொடக்கம் உண்டு. தொடக்கமுள்ளவர் படைப்பே; படைப்புகளில் தலைசிறந்த படைப்பு, ஆயினும் படைப்பு. இக்கொள்கையைப் பாட்டாகக் கட்டித் துறைமுகத் தொழிலாளர் வாயிலும் புழங்க விட்டனர். பேரரசன் கொன்ஸ்தாந்தீன் 325-இல் நிசேயா நகரில் ஆயர்களைக் கூட்டினான். ஏறத்தாழ 300 பேர் கூடினர். முந்திய வேதகலாபனையில் கண்ணிழந்தவர்களும் கால் முடமாக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அவர்கள் அறிக்கையிட்டனர். கையொப்பமிட மறுத்த ஆயர்கள் இருவரே.

அத்துடன் பிணக்கு தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பேரரசர்கள் மாறினர், சங்கத்தின் சொல்லைச் சற்றே மாற்றி, ஒரே பொருள் என்பதற்கு மாறாக ஒத்த பொருள் என்று வைத்துக்கொண்டால் எல்லாரும் சமாதானமாய்ப் போகலாம் என்று சிலர் யோசனை கூறினர். கிரேக்கத்தில் அவ்விரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்தே வேற்றுமை. ஓர் எழுத்துக்காகத் திருச்சபை இவ்வளவு போராடலாமா என்று அன்றும் நகைத்தார்கள், பின்னும் நகைத்தார்கள். தமிழர் நகைக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம். 'மகன்' என்பதில் ஓர் எழுத்தை நீட்டிப் பாருங்கள்; 'மகான்' ஆகிவிடுகிறது. இயேசு மகான் என்று ஒப்புக்கொள்ள நம் நாட்டில் யாரும் தயங்குவதில்லை. மேடைதோறும் மாலை போடுவர். மகன் என்று சொல்வதே வேறு. அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் அந்த ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்க மறுத்து, தம் 45 ஆண்டு ஆயர் பணியில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டு, மொத்தம் 17 ஆண்டுகளை வெளியூரிலும் பாலைவனத்திலும் கழித்தார். 381-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் நிசேயாவின் அறிக்கையை உறுதி செய்தபோது அவர் உயிரோடில்லை.

நம் பகுதியில் இவ்விசயத்தைப் பேசும்போது, இந்துப் பெருமக்களுள் சிலர் அன்போடு ஓர் ஒப்புமை சொல்வதைக் கேட்டிருக்கிறோம். "உங்கள் தந்தையும் மகனும் எங்கள் சங்கரநாராயணர் மாதிரிதானே, சாமி!" என்பார்கள். சங்கரன்கோவில் தலக்கதையை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடினர். கோமதி அம்மை தவமிருக்க, வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் ஒரே திருமேனி காட்சியளித்தது என்பது கதை. ஆடித்தபசு அதன் நினைவே. எவர் பெரியவர் என்ற வழக்கு பொருளற்றது என்று அக்கதை சொல்வதை நாம் மதிக்கிறோம். ஆரியுசின் வழக்கும் அதே கேள்வியில்தான் தொடங்கியது. ஆயினும் ஒப்புமை அதற்கு மேல் செல்லாது. பாதியும் பாதியும் சேர்ந்து முழுமை ஆவதை நாம் விசுவசிக்கவில்லை. தந்தை முழுமையாகக் கடவுள். மகன் முழுமையாகக் கடவுள். ஆயினும் கடவுள் ஒருவரே. இருவரையும் சேர்த்தால் கடவுள்தன்மை கூடுவதில்லை. ஒருவரைத் தனியே நினைத்தால் குறைவதும் இல்லை.

இதைவிடப் பொருத்தமான விளக்கம் அத்தெருக்களிலேயே கிடைக்கிறது. சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஓசை நமக்குப் பழக்கமானது. ஒரு நெசவாளர் சேலை நெய்கிறார். அவரே ஒரு மகனையும் பெறுகிறார். சேலை எவ்வளவு அழகானதாயினும் அது நெசவாளர் ஆகாது. அது அவர் செய்த பொருள். மகனோ எவ்வளவு சிறியவனாயினும் தந்தையைப் போல் மனிதன். அரை மனிதன் அல்லன். செய்வது வேறு, பெறுவது வேறு. உலகம் கடவுளால் செய்யப்பட்டது. மகன் கடவுளிடம் பிறந்தவர். நிசேயா ஆயர்கள் வற்புறுத்தியது இந்த வேறுபாட்டையே.

"தந்தை மகனுக்கு முன்னே இருந்தாக வேண்டுமே?" என்று ஆரியுஸ் கேட்டது போல் வாசலுக்கு வருகிறவர்களும் கேட்பர். மனிதருள் அப்படித்தான், காலத்துக்கு உட்பட்டவர் நாம். காலத்தைப் படைத்தவருக்கு முன் ஏது, பின் ஏது? நெருப்பையும் அதன் ஒளியையும் புனித அத்தனாசியார் எடுத்துக்காட்டினார். ஒளி நெருப்பிலிருந்தே வருகிறது. நெருப்பு ஒளியிலிருந்து வருவதில்லை. ஆயினும் ஒளியில்லாமல் நெருப்பு தனித்திருந்த நொடி ஒன்று உண்டா? தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியதாகச் சொல்லப்படும் கரிவலம்வந்தநல்லூர் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தந்தை தம்மினும் பெரியவர் என்று ஆண்டவரே கூறியுள்ளாரே (அருளப்பர் 14:28) என்பது அடுத்த கேள்வி. ஆம், கூறியுள்ளார். மனுவுருவெடுத்துத் தம்மைத் தாழ்த்திக்கொண்டவராகப் பேசுகிறார், அனுப்பப்பட்டவராகவும் பேசுகிறார். எந்த வீட்டிலும் தந்தை மகனினும் பெரியவரே. ஆனால் எந்தத் தந்தையும் தம் மகனைவிட அதிக மனிதர் அல்லர்.

இப்படிக் கேள்வி கேட்டவர்கள் வெளிநாட்டார் மட்டும் அல்லர். தமிழர் ஒருவரும் இருந்தார். அவரைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. திருவேங்கடம் என்ற பெயரோடு வேளாளர் குலத்தில் பிறந்து, ஆங்கிலேயரிடம் பணியாளாகி, இங்கிலாந்து சென்று, கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் பெற்றவர் அவர். அங்கே தியோபிலஸ் லிண்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்கு எட்டின. ஆங்கிலிக்கன் சபையின் குருத்துவப் பணியைத் துறந்து, கடவுள் ஒருவரே, இயேசு மனிதரே என்று போதிக்க 1774-இல் இலண்டனில் தனிக்கோவில் கண்டவர் லிண்ட்சே. பிரீஸ்ட்லியோ பிராணவாயுவைக் கண்டறிந்தவருள் ஒருவராக நம் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் வருகிறவர்; அவரும் போதகரே. ராபர்ட்ஸ் சென்னை திரும்பி, 1795-இல் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் அதற்குக் கோவில் எழுந்தது. வழிபாடு தமிழில் நடந்தது. வெள்ளைக்கார மிசனரி எவரும் அனுப்பாமல், தமிழர் ஒருவர் தாமே படித்து, தாமே சிந்தித்து, தம் கையால் கட்டிய சபை அது.

அவருடைய முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேள்வியைக் கேலி செய்யவும் நமக்கு மனமில்லை. பல தெய்வ வழிபாட்டை விட்டு ஒரே கடவுளைத் தேடி வந்தவரிடம், கடவுள் ஒருவர், ஆனால் மூன்று ஆட்கள் என்று சொன்னால் அவர் காதில் என்ன விழும்? நம் பழைய ஞானோபதேசத்தில் வழங்கிய சொல் அதுவே: ஆள். இலத்தீன் சொல்லைத் தமிழாக்க நம் முன்னோர் அதைத் தேர்ந்தெடுத்தனர். வேறு சொல் எளிதில் கிடைக்கவும் இல்லை. ஆனால் தமிழில் ஆள் என்றால் தனித்தனி உடம்போடு நிற்கும் மனிதர். 'நடவுக்கு மூன்று ஆள் வேண்டும்' என்பதுபோல். மூன்று ஆட்கள் என்றதும் மூன்று தேவர்கள் என்று எண்ணுவது இயல்பே. இன்று நாம் மூவொரு கடவுள் என்கிறோம், சற்றே மேல். எந்தச் சொல்லாயினும் விளக்கம் வேண்டும். விளக்காமல் மனப்பாடம் மட்டும் செய்வித்த தலைமுறைகளின் பிள்ளைகளே இன்று வாசலில் வருகிறவர்களுக்கு விடைசொல்லத் தடுமாறுகின்றனர்.

ராபர்ட்சின் காலத்திலேயே கல்கத்தாவில் இராசாராம் மோகன்ராய் 1820-இல் இயேசுவின் நீதிமொழிகளை மட்டும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களும் கொள்கைகளும் வேண்டாம், போதனை போதும் என்பது அவர் கருத்து; மகனை விட்டு மகானை எடுத்துக்கொண்டார் எனலாம். செராம்பூர் மிசனரி மார்ஷ்மன் அதனை மறுத்து எழுதினார். இதனிடையே நற்செய்திகளை வங்காளியில் பெயர்க்க ராயுடன் அமர்ந்த பாப்திஸ்து போதகர் வில்லியம் ஆடம், அருளப்பர் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் வசனத்துக்கு வந்தபோது சிக்கிக்கொண்டார். அனைத்தும் வார்த்தையானவரால் உண்டாயின என்பதா, வார்த்தையானவர் வழியாக உண்டாயின என்பதா? ஒரு வேற்றுமையுருபைப் பற்றிய ஐயம், ஆடமை 1821-இல் திரித்துவக் கொள்கையையே விடும்படி செய்தது. மற்றப் போதகர்கள் அவரை 'இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்' என்று ஏளனம் செய்தனர். கேட்க நன்றாயிருக்கிறது, மறுமொழி ஆகாது. காசி மலைநாட்டிலும் 1887-இல் காசியர் ஒருவராலேயே இத்தகைய சபையொன்று தோன்றி, இன்றும் நிலவுகிறது.

இத்தகையோர்க்கு ஏளனத்தினும் கொடியவை நேர்ந்ததுண்டு. பிரீஸ்ட்லியின் வீட்டை 1791-இல் பர்மிங்காம் கும்பல் தீயிட்டது. திரித்துவத்தை மறுத்த செர்வெத்துசை 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு எரித்தனர். எரித்தவர்கள் கால்வீனின் நகரத்தார் என்று நாம் கைகழுவிவிட முடியாது. அதே ஆண்டில் பிரான்சில் நம்மவரின் நீதிமன்றமும் அவருக்கு அதே தண்டனையை விதித்து, அவர் தப்பிவிட்டதால் அவருடைய உருவத்தை எரித்திருந்தது. விசுவாச சத்தியத்துக்கு இவை எவ்வகையிலும் துணைசெய்யவில்லை.

இனி அம்மையாரின் வாசலுக்கு வருவோம். சிற்றேட்டோடு வந்தவர்கள், அம்மையார் எழுதிய அடையாளங்களின்படி, யெகோவாவின் சாட்சிகள். 1870-களில் அமெரிக்காவில் சார்லஸ் ரசல் என்பவர் தொடங்கிய வேதபாட இயக்கத்தின் வழிவந்தோர். 1931-இல் இப்பெயரை ஏற்றனர். மகன் படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் கொள்கை. வரன் வீட்டாரோ பெந்தெகோஸ்தே இயக்கத்தின் ஒரு கிளையினர். 1913-இல் லாசேஞ்சலசை அடுத்து நடந்த ஒரு கூட்டத்தில், இயேசுவின் பெயரால் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதிலிருந்து தந்தையும் இயேசுவே என்ற கொள்கை வளர்ந்தது. பெந்தெகோஸ்தேயினர் எல்லாரும் இவ்வாறு எண்ணுபவர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1916-இல் அவர்களுடைய பெரிய சபைகளுள் ஒன்றான அசெம்பிளீஸ் ஆப் காட் திரித்துவ விசுவாசத்தை உறுதிப்படுத்தியபோது, இக்கொள்கையினர் பிரிந்து சென்றனர். பெந்தெகோஸ்தேயினருள் மிகப்பலர் திரித்துவத்தை ஏற்பவர்களே.

சரி, இதனால் ஒரு குடும்பத்துக்கு வருவது என்ன? துக்க வீட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஊரில் பெரிய மனிதர் ஒருவர். நம் வீட்டில் சாவு. அவர் தாம் வராமல் மாலையைக் கொடுத்து ஆள் அனுப்புகிறார். வந்த ஆள் நல்லவர்தாம், அழுகிறார்தாம். ஆயினும் 'அவர் வரவில்லையே' என்ற குறை ஆயுளுக்கும் நிற்கும். மகன் படைப்பு என்றால், கல்வாரியில் கடவுள் வரவில்லை, ஆள் அனுப்பினார். அன்புக்காக இறந்தது வேறொருவர்; கடவுள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆரியுசின் கொள்கை எவ்வளவு பக்தியாய்ப் பேசினாலும் இங்குதான் கொண்டுபோய் விடும்.

மறுபுறம், தந்தையும் மகனும் ஒருவரே என்றால் கெத்செமனித் தோட்டத்தில் ஆண்டவர் யாரிடம் மன்றாடினார்? தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே ஆகட்டும் என்றது யாரை நோக்கி? யோர்தானில் அவர் நீரில் நிற்க வானிலிருந்து எழுந்த குரல் யாருடையது? ஒருவரே இரு குரலில் பேசியது என்றால் அந்த இரத்த வியர்வை நாடகமாகிவிடும். உலகம் உண்டாகுமுன்னரே தந்தை தம்மை அன்பு செய்தார் என்று ஆண்டவர் இராவுணவின் இறுதியில் செபிக்கிறாரே (அருளப்பர் 17:24), தனியொருவர் எவரை அன்பு செய்திருக்க முடியும்? அன்பாயிருப்பதற்குக் கடவுளுக்கு உலகம் தேவைப்படவில்லை என்பது மகன் உண்டு என்பதாலேயே விளங்குகிறது. இக்கொள்கையினர் ஆண்டவர்மேல் மிகுந்த பற்றுள்ளவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவரை உயர்த்துவதாக எண்ணி அவருடைய தந்தையை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றனர்.

ஞானஸ்நானத்தைப் பற்றி: தந்தை, மகன், தூய ஆவி ஆகியோரின் பெயரால் கொடுக்கும்படி ஆண்டவரே கட்டளையிட்டார் (மத்தேயு 28:19). திருத்தூதர் பணிகளில் இயேசுவின் பெயரால் ஞானஸ்நானம் பெற்றனர் என்று வருவது, அருளப்பர் கொடுத்த மனமாற்ற ஞானஸ்நானத்தினின்று இதனைப் பிரித்துக் காட்டுவதற்கே. மிகப் பழைய சபை நூல்களுள் ஒன்றான பன்னிரு திருத்தூதர் போதனையும் மூவரின் பெயரையே வாய்பாடாகத் தருகிறது. ஆதலால் அம்மையாரின் மகள் மீண்டும் ஞானஸ்நானம் பெறலாகாது. குழந்தைப் பருவத்தில் பெற்றது அழியாதது. அதனை மறுபடியும் பெறுவது முன்னதைப் பொய்யென்று சொல்வதாகும். பையன் வீட்டார் கேட்பது ஒரு சடங்கை அன்று, ஒரு விசுவாச மறுப்பை. அவர்கள் அப்படி எண்ணிக் கேட்கவில்லை என்றே நம்புகிறோம். எனினும் பொருள் அதுவே.

திருமணத்தைப் பற்றி: 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, முறையாக ஞானஸ்நானம் பெற்ற பிறசபைக் கிறிஸ்தவரை மணக்க ஆயரின் அனுமதி தேவை (1124). தென்னிந்தியத் திருச்சபையார், லூத்தரன் சபையார், கீழைச்சபையார் ஆகியோரின் ஞானஸ்நானத்தை நாம் ஏற்கிறோம். அம்மையாரின் நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள் கத்தோலிக்கராக விரும்பி வந்தாலும் நாம் அவர்கள் தலையில் மறுமுறை தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் மூவரின் பெயரால் அன்றி இயேசுவின் பெயரால் மட்டும் பெற்றதை ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. யெகோவாவின் சாட்சிகளுடையதும் அவ்வாறே. அத்தகையவரை மணப்பது, ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்குச் சமம். ஆயரிடம் விதிவிலக்குப் பெறாமல் நடந்தால் திருமணமே செல்லாது (1086). இதைத் திருமணம் முடிந்தபின் கேட்டுக் கண்ணீர் விட்ட குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். விதிலக்கு அரிதன்று, கேட்டால் கிடைக்கக்கூடியது. ஆனால் பெண் தன் விசுவாசத்தில் நிலைப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றது அனைத்தும் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். அது பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது வரன் வீட்டார் கேட்பது இதற்கு நேர்மாறானது. ஆகவே, தாயே, நல்ல பையனை ஒரு சொல்லுக்காக விட வேண்டாம். ஆனால் அவன் நல்லவன் என்பதற்காகப் பெண்ணின் ஞானஸ்நானத்தையும் விட்டுவிட வேண்டாம். அவன் இரண்டில் எதற்கு இசைகிறான் என்பதைக் கேட்டறிவது உங்கள் முதல் வேலை.

பிறசபையார் எல்லாரும் நம்மினின்று வெகுதூரத்தில் இருப்பதாக இதைப் படித்து யாரும் எண்ண வேண்டாம். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை நிசேயா அறிக்கையை ஏற்றுக்கொண்ட சபை. தந்தை, மகன் பற்றிய விசுவாசத்தில் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை ஏதும் இல்லை. கீழைச்சபையாரோடு தூய ஆவியானவர் தந்தையிடமிருந்து மட்டுமா, மகனிடமிருந்துமா புறப்படுகிறார் என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு. ஆயினும் மகன் தந்தையோடு ஒரே பொருள் என்பதில் அவர்கள் நம்மோடு உறுதியாக நிற்பவர்கள். நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2025 நவம்பர் 28-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோவும் கொன்ஸ்தாந்திநோபிள் மறைமுதுவர் பர்த்தலமேயுவும் அவ்வூரின் ஏரிக்கரையில், பழைய பேராலயத்தின் இடிபாடுகள் அருகே சேர்ந்து நின்று செபித்தனர். இஸ்னிக் என்று இன்று வழங்கும் அச்சிற்றூர் துருக்கியில் உள்ளது.

வாசலுக்கு வருகிறவர்களைக் கதவைச் சாத்தி அனுப்ப வேண்டாம். வெயிலில் நடந்து வருகிறார்கள், மோர் கொடுங்கள். வாதம் செய்யத் தெரியவில்லையென்றால் வேதாகமத்தைக் கொண்டுவந்து அருளப்பர் 10:30-ஐ அவர்களையே வாசிக்கச் சொல்லி, 'ஒன்று' என்று ஏன் இருக்கிறது, 'இருக்கிறோம்' என்று ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். பையனும் பெண்ணும் சேர்ந்து பங்குக்குருவைக் காண வரலாம். நாள் குறிப்பதற்கு முன்னர் வருவது நல்லது. வரும்போது பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழையும், பையனுக்கு எந்த ஆண்டில், எந்தச் சபையில், என்ன சொற்களைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பதை அச்சபைப் போதகரிடம் எழுதி வாங்கியும் கொண்டுவரட்டும்.